ஆவடித் தீர்மானம்

சென்னையை அடுத்த ஆவடியில் 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ‘சோசலிச பாணி சமுதாயம்’ அமைப்பதே திட்டமிடலின் இலக்கு என அறிவித்தது. அதுவே ஆவடித் தீர்மானம் எனப்படுகிறது. முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், நாட்டுச் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வெறும் சோசலிசம் என்னாமல் ‘பாணி’யைச் சேர்த்துக்கொண்டதிலேயே தயக்கம் தெரிகிறது. 1956இன் தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசுக்கென்று ஒதுக்கியது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் வகுத்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலுக்கு முதலிடம் தந்தது. இந்தியாவுக்கு ஏற்றது சோசலிசமா முதலாளித்துவமா என்ற வழக்கில் இரு தரப்பாரும் அன்று முதல் ஆவடியையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் இருவரும் கேட்டது ஆலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை. ஏழைக்கு என்ன கிடைத்தது என்பதற்கான விடை பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கிறது.

முதலாளிகள் அரசுத் திட்டமிடலை எதிர்த்தார்கள் என்பது பாதி உண்மைதான். 1944இல் ஜே. ஆர். டி. டாட்டா, ஜி. டி. பிர்லா உள்ளிட்ட எட்டுப் பேர் வெளியிட்ட பம்பாய்த் திட்டம், 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை முன்வைத்து, அதில் அரசுக்குப் பெரிய பங்கையும் கேட்டது. தனியார் பணம் தாங்காத அடித்தளத் தொழில்களை அரசு கட்டட்டும், அன்னியப் போட்டியையும் தடுக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் லைசென்ஸ் வேண்டும். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி இதைத்தான் ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்’ என்று சாடினார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது என்பதை அரசே அமைத்த ஆய்வுகள் காட்டின. பெரிய தொழிற்குழுக்கள் ஏராளமான மனுக்களைப் போட்டு, கிடைத்த லைசென்ஸ்களைப் பயன்படுத்தாமல் முடக்கி, பிறர் உள்ளே வரும் வழியை அடைத்தன என்று 1967இல் ஹசாரி அறிக்கை எடுத்துக்காட்டியது. செல்வக் குவிப்பைத் தடுக்க வந்த கதவுக்குச் செல்வரே காவலாளியாக நின்றனர். இதற்கு அரசு கண்ட மருந்து 1969இன் ஏகபோகத் தடுப்புச் சட்டம். அதாவது, இன்னொரு கதவு.

ஏற்றத்தாழ்வு அப்போது குறையத்தானே செய்தது என்று கேட்கலாம். குறைந்தது. வருமான வரிக் கணக்குகளைக் கொண்டு பொருளியலாளர்கள் சான்செலும் பிக்கெட்டியும் செய்த மதிப்பீட்டில், நாட்டு வருமானத்தில் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரின் பங்கு 1930களின் இறுதியில் 21 சதவீதத்தை ஒட்டி இருந்து, 1980களின் தொடக்கத்தில் 6 சதவீதமாக இறங்கியது. ஆனால் மேலே குறைந்தது கீழே வந்து சேர்ந்ததா? திட்டக் குழுவின் கணக்குப்படியே 1973–74இல் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தனர். 1981இல் எழுத்தறிவு 44 சதவீதத்தைத் தொடவில்லை. வங்கிகள் தேசியமயமானதைக் காட்டுவது இதைவிட வலுவான மறுப்பு. அது நடந்த 1969இல் நாட்டிலிருந்த சுமார் 8,300 கிளைகளில் ஏறத்தாழ 1,800 மட்டுமே கிராமங்களில் இருந்தன. 1990க்குள் கிராமக் கிளைகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டின. உடைமை மாற்றம் அதற்கு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், வங்கி இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க, இல்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும் என்ற 1977ஆம் ஆண்டு விதிக்கு இதில் பெரும் பங்குண்டு. உரிமையாளர் யாராயினும் விதிக்க முடிந்த நிபந்தனை அது.

கேரளத்தையும் பிகாரையும் ஒரே லைசென்ஸ் முறைதான் ஆண்டது. உருக்கும் நிலக்கரியும் ஏராளமாக இருந்தது அன்றைய பிகாரில்தான். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தின் எழுத்தறிவு 89.8 சதவீதம், பிகாருடையது 38.5. திருவிதாங்கூர், கொச்சி காலத்திலேயே கேரளம் பள்ளிக் கல்வியில் முந்திவிட்டது என்பார்கள். சரிதான், அந்தப் பள்ளிகள் எழுந்தது ஆலை உடைமை பற்றிய விவாதத்துக்கு வெகு முன்பே. பின்னர் நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரரின் கையில் நிலத்தைத் தந்தது. ஆவடி மாநாட்டின்போது சென்னை மாநில முதலமைச்சராக இருந்த காமராஜர், மறு ஆண்டு பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். மாநாட்டுத் தீர்மானத்தைவிட அந்தச் சோற்றுப் பானை நியாயப் பங்கீட்டுக்கு அதிகம் செய்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1991 ஜூலையில் தொழில் லைசென்ஸ் 18 தொழில்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. வளர்ச்சி கூடியது, வறுமை குறைந்தது. சான்செல், பிக்கெட்டி மதிப்பீட்டில் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரின் பங்கு 2014இல் 22 சதவீதமாகி, 1930களைத் தாண்டியது. சந்தையே போதும் என்பவர்கள் முதல் பாதியையும், பழைய முறைக்கு ஏங்குபவர்கள் இரண்டாம் பாதியையும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போனது: 1976இல் 42ஆம் திருத்தம் அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்த்த ‘சோசலிச’ என்ற சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தியாவில் அச்சொல்லுக்குப் பொருள் நலவாழ்வு அரசு என்பதே, தனியார் தொழிலுக்கு அது தடையில்லை என்று நீதிமன்றம் விளக்கியது.