மோட்டார் வண்டி இலச்சினைகளும் அவற்றின் படிகளும்

அரசர்கள் ஆண்ட காலத்திலே கொடியும் முத்திரையும் அவர்தம் ஆணைக்கு அடையாளமாக விளங்கின. சேரனுக்கு வில்லும், சோழனுக்குப் புலியும், பாண்டியனுக்குக் கயலும் உரியனவாயிருந்ததைப் பள்ளி மாணவரும் அறிவர். இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய மோட்டார் வண்டியும் அவ்வாறே தனக்கென ஓர் இலச்சினையைச் சூடிக்கொண்டது. உள்ளங்கையில் அடங்கும் அந்த உலோகத்துண்டு தொலைந்துபோனால் வண்டியின் ஓட்டம் நின்றுவிடுவதில்லை. ஆயினும், பழைய வண்டியொன்றைச் செப்பனிட்டு முன்னைய நிலைக்குக் கொண்டுவர விழைவோர், பிற உறுப்புகளுக்காக அலைவதைப் போலவே இதற்காகவும் அலைகின்றனர். எங்கும் கிடையாதவிடத்து அதனைப் புதிதாகச் செய்துகொள்கின்றனர். அங்ஙனம் செய்துகொண்ட படி பழமையைப் பேணுவதா, அன்றிப் பழமையின் பெயரால் பொய்யுரைப்பதா என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் வினாவாகும்.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. தபாலதிபராகக் கடமையாற்றிய என் தந்தையாரிடம் 1949ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 வண்டியொன்று இருந்தது. அதன் பொனற்றின் மீது, சிறகு விரித்துப் பறக்கும் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து குரோமியப் பூச்சுடன் மின்னும். 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தில் எங்கள் வண்டியும், ஊரிலுள்ள மற்றைய பழைய வண்டிகளைப் போலவே, சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்களோடு நாங்களும் வீட்டை விட்டகன்றோம். அடுத்த ஆண்டு மீண்டபோது, கொட்டிலில் வண்டி சில்லுகள் இன்றிக் கிடந்தது. இலச்சினை இருந்த இடத்தில் இரு துளைகளே எஞ்சியிருந்தன. "தம்பி, அந்த ஏ எழுத்தை எங்கையெண்டாலும் தேடிப் பூட்டிவிடு" என்று தந்தையார் தம் இறுதிக் காலத்திற் கூறியதுண்டு. அத்தேட்டத்தின் வழியே நான் கற்றறிந்தவற்றையே இங்கு தொகுத்துரைக்கின்றேன்.

தொடக்க கால வண்டிகளில் எஞ்சினுக்குரிய நீரைக் குளிர்விக்கும் கலம் வண்டியின் முகத்திலேயே அமைந்திருந்தது. அதன் நெற்றியிலும் மூடியிலும் செய்தோர் தம் பெயரைப் பொறித்தனர். பெயரோடு ஊரின் வரலாறும் சேர்ந்துகொண்டது. ஒக்ஸ்போட் நகரில் மிதிவண்டி திருத்தித் தொழில் தொடங்கிய வில்லியம் மொறிஸ், 1913இல் மோட்டார் வண்டி செய்யலானார். ஒக்ஸ்போட் என்னும் பெயர் எருது கடக்கும் ஆற்றுத்துறை எனப் பொருள்படும். ஆதலின், அலைகளைக் கடந்து செல்லும் செந்நிற எருது அந்நகரின் சின்னமாயிருந்து, பின்னர் மொறிஸ் வண்டிகளின் சின்னமும் ஆயிற்று. இலங்கையின் தெருக்களில் மொறிஸ் மைனர் வண்டியின் நெற்றியில் அவ்வெருதைக் கண்டோர் பலர். அது தேம்ஸ் நதியைக் கடக்கும் எருது என்பதை அறிந்தோர் சிலரே.

பென்ற்லி வண்டிக்குச் சிறகுடைய 'பி' எழுத்தை 1919இல் வரைந்தவர் கோர்டன் குறொஸ்பி என்னும் ஓவியர். அதன் இருபுறச் சிறகுகளிலும் இறகுகளின் எண்ணிக்கை ஒத்திராது. போலி செய்வோர் இருபுறத்தையும் ஒப்ப அமைத்துத் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பர் என்னும் கருத்துடனேயே அவர் இவ்வாறு வரைந்தார் எனக் கூறுவர். றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தாரோ, வண்டி வாங்கியோர் தத்தம் மனம்போனவாறு பொம்மைகளைப் பூட்டுவதைக் கண்டு வருந்தி, சார்ள்ஸ் சைக்ஸ் என்னும் சிற்பியைக் கொண்டு 1911இல் ஒரு பெண்ணுருவை அமைப்பித்தனர். முன்னோக்கிச் சாய்ந்து, ஆடை காற்றிற் பறக்க நிற்கும் அவ்வுருவை அவர் மெழுகு கொண்டு ஆக்கி, மெழுகை உருக்கி நீக்கி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்தார். பொலனறுவையிற் கண்டெடுக்கப்பட்ட நடராசர் முதலிய திருமேனிகளை வார்த்த முறையும் இதுவே. ஒவ்வொன்றுக்கும் மெழுகுரு புதிதாக வேண்டப்படுதலாலும், வார்த்தபின் கையால் அராவி மெருகிடப்படுதலாலும், தொடக்ககாலப் பெண்ணுருக்களில் ஒன்றையொன்று முற்றும் ஒத்தவை இல்லை எனலாம்.

இனி, இவை ஆக்கப்பட்ட பொருள்களை நோக்குவோம். நிறமுள்ள இலச்சினைகள் எனாமலால் ஆயவை. எஃகு அச்சினால் அழுத்திப் பள்ளங்கள் அமைத்த செப்புத் தகட்டில், நிறமூட்டிய கண்ணாடித் தூளை நீரிற் குழைத்து இட்டு, ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பமுள்ள சூளையில் வைப்பர். கண்ணாடி உருகிச் செம்போடு ஒன்றிவிடும். பள்ளம் நிறையும்வரை மீண்டும் மீண்டும் இட்டுச் சுட்டு, கல்லால் தேய்த்துச் சமன் செய்து, மெருகேற்றி, உலோக வரம்புகளுக்கு முலாம் பூசுவர். இந்நிறம் வெயிலில் மங்காது. ஆனால் ஒரு கல் தெறித்தாற் சிதறிவிடும். சிதறிய இடத்தை மட்டும் ஒட்டுப்போட எண்ணி மீண்டும் சூளையில் வைத்தால், எஞ்சிய பகுதியும் வெடிக்கக்கூடும்.

வெள்ளொளி வீசும் இலச்சினைகளின் கதை வேறு. 1920களின் இறுதிவரை வண்டிகளில் மின்னியது நிக்கல் முலாமே. அது சற்றே மஞ்சள் சாயலுடையது, துடையாதுவிடின் மங்குவது. அதன் பின்னரே நீலச் சாயலுடைய குரோமியம் பரவலாயிற்று. ஆதலின், 1922ஆம் ஆண்டு வண்டியொன்றின் நெற்றியில் குரோமியம் ஒளிர்ந்தால், அது பின்வந்தோர் கைவேலை என உடனே துணியலாம். குரோமியத்தின் அடியிலிருந்த உலோகமும் மாறிற்று. நாகத்தோடு அலுமினியம், மகனீசியம், செப்பு என்பன சேர்ந்த ஒருவகைக் கலப்புலோகம் 1929இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டுப் பிரித்தானியாவில் மசாக் என்னும் பெயர் பெற்றது. எளிதில் உருகி நுண்ணிய அச்சிலும் விரைந்து பாயும் அவ்வுலோகம் மலிவாகப் பல்லாயிரம் இலச்சினைகளைத் தந்தது. ஆயின், குரோமியத்தின் நுண்துளை வழியே ஈரம் புகின் உள்ளிருக்கும் நாகம் அரிக்கப்பட்டு, மேற்பரப்பு அம்மைத் தழும்பு போலப் பொருக்கெழும். நாகத்தில் ஈயம் சிறிதே கலந்திருப்பினும், அவ்வார்ப்பு ஆண்டுகள் செல்ல வெடித்து உதிரும். உப்புக்காற்று வீசும் எம் போன்ற தீவில் பழைய இலச்சினைகள் அருகியமைக்குத் திருடரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

செய்தவரிடமே திரும்பப் பெறலாகாதோ எனின், செய்தவர் இன்றில்லை. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இருபெரும் நிறுவனங்களும் 1952இல் ஒன்றாயின. 1968இல் அவை மேலும் பெரியதொரு கூட்டில் அடங்கின. 1980களில் அப்பெயர்கள் இரண்டும் புதிய வண்டிகளிலிருந்து மறைந்தன. வழக்கொழிந்த வண்டிக்குரிய அச்சுகளைக் காத்துவைத்திருக்கத் தொழிற்சாலைகள் அருங்காட்சியகங்கள் அல்லவே. எஞ்சிய அச்சுகளையும் கருவிகளையும் கொண்டு பழைய உறுப்புகளை மீண்டும் செய்வதற்கென 1975இல் இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டமை நல்லதொரு முயற்சியாகும். எம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1990களில் மொறிஸ் மைனர் வண்டிக்குரிய தகட்டு உறுப்புகள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஒரு காலத்தில் அங்கிருந்து கப்பலில் வந்த வண்டிக்கு இங்கிருந்து உறுப்புகள் சென்றமை காலத்தின் விளையாட்டன்றோ!

அச்சு இல்லாதவிடத்து, ஒருவரிடம் எஞ்சியுள்ள இலச்சினையை இரவல் வாங்கி, அதிலிருந்து படியெடுத்தல் வழக்கம். இங்கேதான் ஒரு நுட்பம் உண்டு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குகின்றது. பித்தளை ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். எனவே மூலத்தை நேரே மணலில் அழுத்தி வார்த்த படி மூலத்திலும் சிறியதாகவே அமையும். அப்படியிலிருந்து எடுத்த படி அதனினும் சிறுக்கும், விளிம்புகள் மழுங்கும், இறகுகளின் கோடுகள் கரையும். ஏட்டுச் சுவடிகளைப் பார்த்து எழுதியோர் ஓரிடத்தில் ஓரெழுத்தை விட, அதனைப் பார்த்து எழுதியோர் ஒரு சொல்லை விட, இறுதியிற் பாட்டே சிதைந்தமை போன்றது இது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கியது இச்சிதைவை அறிந்தமையாலன்றோ? நல்ல கம்மியரும் அவ்வாறே செய்கின்றனர். மூலங்கள் பலவற்றை அளந்து, பழைய நிழற்படங்களோடும் விற்பனைப் பட்டியல்களோடும் ஒப்பிட்டு, சுருங்கும் அளவைக் கணித்து, மெழுகுருவைச் சற்றுப் பெரிதாக ஆக்குகின்றனர். இக்காலத்தில் ஒளிக்கதிரால் மூலத்தை அளந்து, கணினியிற் பெருப்பித்து, அவ்வளவிலேயே மெழுகுருவை அச்சிட்டெடுக்கும் பொறிகளும் வந்துவிட்டன. எனினும், எந்த ஆண்டுக்கு எது உரியது என்பதைத் தேர்ந்து சொல்ல வேண்டியவன் மனிதனே.

படி நன்றாக அமைய அமைய மற்றோர் இடர் தோன்றுகின்றது. மொறிஸ் மைனர் வண்டிகளின் தொகை 1960ஆம் ஆண்டின் இறுதியிற் பத்து இலட்சத்தை எட்டிற்று. பிரித்தானியாவில் அவ்வெண்ணிக்கையை எட்டிய முதல் வண்டி அதுவே. அதனைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் 350 வண்டிகள் செய்யப்பட்டன. வழக்கமாக 'மைனர் 1000' என்றிருக்கும் இலச்சினை அவற்றில் 'மைனர் 1000000' என்றிருந்தது. சாதாரண வண்டியொன்றுக்கு ஊதா நிறம் தீட்டி அவ்விலச்சினையின் படியைப் பூட்டிவிட்டால், அறியாதவர் அதனை அந்த 350இல் ஒன்றென மயங்குவர். மூன்று சுழிகள் ஒரு வண்டியின் வரலாற்றையே மாற்றிவிடுகின்றன!

இதற்கு மருந்து யாது? பிரெஞ்சு நாட்டுக் கண்ணாடிச் சிற்பி றெனே லலீக் 1925 முதல் வண்டிகளுக்கென அழகிய கண்ணாடி உருவங்களைச் செய்து, அவற்றில் தம் முதலெழுத்தோடு பெயரைப் பொறித்தார். 1945இல் அவர் மறைந்தபின் அவருடைய நிறுவனத்தார் முதலெழுத்தை நீக்கி 'லலீக்' என்று மட்டும் பொறிக்கலாயினர். ஓரெழுத்தின் இன்மையே முன்னதையும் பின்னதையும் வேறுபடுத்திற்று. நினைவுச்சின்னங்களைப் பேணுதல் குறித்து 1964இல் உருவான வெனிசுப் பட்டயமும் இதனையே விதித்தது: இழந்த பகுதிக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இசைந்திருத்தல் வேண்டும், ஆயினும், வரலாற்றுச் சான்று பொய்யாகாதபடி மூலத்திலிருந்து பிரித்தறியக்கூடியதாயும் இருத்தல் வேண்டும். பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரின் அனைத்துலகச் சம்மேளனம் பின்னாளில் வகுத்த தூரின் பட்டயமும் இந்நெறியைத் தழுவியதே. படி செய்தல் குற்றமன்று. படியென்பதை மறைத்தலே குற்றம்.

எங்கள் வண்டிக்கு வருவோம். 2014ஆம் ஆண்டில், நண்பரொருவரின் வண்டியிலிருந்த இலச்சினையை இரவல் பெற்று, கன்னாதிட்டியில் வேலை செய்யும் பத்தர் ஒருவரிடம் கொடுத்தேன். முதல் வார்ப்பு கண்ணுக்கு அழகாகவே இருந்தது. பொனற்றில் வைத்துப் பார்த்தபோது அடித்தண்டுகள் துளைகளோடு பொருந்தவில்லை. துளையைப் பெருப்பித்துவிடலாம் என்றார் உடனிருந்தவர். பத்தர் இசையவில்லை. "மாஸ்டர், பிழை என்ரை வார்ப்பில, வண்டியில இல்லை" என்று கூறி, துளைகளின் இடைத்தூரத்தையே அளவாகக் கொண்டு மெழுகுருவைப் புதிதாக ஆக்கினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாணவருக்கு வரலாறு கற்பித்த எனக்கு, சான்றுக்கேற்பக் கருத்தைத் திருத்த வேண்டுமேயன்றிக் கருத்துக்கேற்பச் சான்றைத் திருத்தலாகாது என்னும் பாடத்தை அன்று அவர் கற்பித்தார்.

இரண்டாம் வார்ப்பு பொருந்திற்று. குரோமியம் பூசுவதற்கு முன்னர், அதன் அடிப்புறத்தில், பூட்டியபின் எவர் கண்ணுக்கும் புலனாகாத இடத்தில், 'படி, 2014' என்று பொறிக்கச் செய்தேன். அதனைப் பூட்டிய நாளில் என் தாயார் வந்து நின்று, முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுச் சென்றார். தந்தையார் துடைத்து மெருகேற்றிய எழுத்து அதுவன்று. அது எங்கே போயிற்று என்பதும் தெரியாது. இழந்ததை இழக்கவில்லையெனக் காட்டுவதற்காக நான் அப்படியைச் செய்விக்கவில்லை. என்றேனும் ஒருநாள் யாரேனும் அதனைக் கழற்றிப் பார்ப்பராயின், இங்கே ஒன்று இருந்தது, அது இழக்கப்பட்டது, அதனை மறவாத ஒருவன் இதனைச் செய்வித்தான் என்னும் மூன்று உண்மைகளும் அவருக்குப் புலனாகும். முகத்தில் அழகும் முதுகில் உண்மையும் கொண்டிருத்தலே நல்ல படிக்கு இலக்கணம் எனத் துணிந்து கூறலாம்.