ஸ்பெயினில் பேடல் ஆட்டம்: களமும் முன்பதிவும்

பேடல் என்பது நான்கு பேர் இரண்டு அணிகளாகப் பிரிந்து, சுவர் சூழ்ந்த சிறு களத்தில் ஆடும் மட்டைப் பந்தாட்டம். டென்னிசும் ஸ்குவாஷும் கலந்தது போலத் தோன்றும். மெக்சிகோவில் பிறந்த இந்த ஆட்டம் ஐரோப்பாவில் முதலில் வேரூன்றிய நாடு ஸ்பெயின். இன்று அங்கே சுற்றுலா செல்பவர் கைப்பேசியிலேயே ஒரு களத்தை முன்பதிவு செய்து ஆடிவிட்டு வரலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஆட வேண்டுமானால் ஓர் இளவரசரின் விடுதிக்கு விருந்தினராகப் போயிருக்க வேண்டும். அந்த இடைவெளி குறைந்த கதையே ஸ்பெயினில் பேடலின் வரலாறு.

தோற்றம்

1969ஆம் ஆண்டு மெக்சிகோவின் கடற்கரை நகரமான அகாபுல்கோவில் என்ரிக்கே கொர்க்குவேரா என்ற செல்வந்தர் தம் வீட்டில் ஆடுகளம் அமைக்க விரும்பினார். முழு அளவு டென்னிஸ் களத்துக்கு இடம் போதவில்லை. எனவே சிறிய களம் ஒன்றை அமைத்து, பந்து வெளியே போகாதபடி சுவர் எழுப்பினார். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தையும் அடிக்கலாம் என்று வைத்துக்கொண்டார். இடப் பற்றாக்குறையே ஆட்டத்தின் விதியாயிற்று.

இன்றைய களம் 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பின்சுவர் 3 மீட்டர் உயரம். அதன்மேல் ஒரு மீட்டருக்குக் கம்பிவலை. நடுவலையின் உயரம் மையத்தில் 88 சென்டிமீட்டர். மட்டையில் நரம்பு கிடையாது. துளையிட்ட கெட்டியான பலகை போலிருக்கும். பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி, இடுப்பு உயரத்துக்கு மேற்படாமல் அடித்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். எதிர்ப்பக்கம் சென்ற பந்து முதலில் தரையில் பட வேண்டும். பிறகு சுவரில் மோதினாலும், மறுமுறை தரையைத் தொடும் முன் அதைத் திருப்பி அடிக்கலாம். புள்ளிக் கணக்கு டென்னிசுக்கு உரியதே. தோள் வலிமையைவிடப் பந்து திரும்பும் கோணத்தைக் கணிக்கும் அறிவே இங்கு அதிகம் உதவும். புதியவர்களும் முதல் நாளிலேயே ஓரளவு ஆடிவிட இதுவே காரணம்.

மார்பேயாவுக்கு வருகை

தெற்கு ஸ்பெயினின் மார்பேயா நகரில் 1954இல் மார்பேயா கிளப் என்ற விடுதியைத் தொடங்கியவர் இளவரசர் அல்போன்சோ டி ஹோஹென்லோஹே. கொர்க்குவேராவின் நண்பரான அவர் அகாபுல்கோவில் இந்த ஆட்டத்தைக் கண்டு விரும்பி, 1974இல் தம் விடுதியில் இரண்டு களங்களை அமைத்தார். 1966இல் விம்பிள்டன் பட்டம் வென்ற ஸ்பானிய வீரர் மனுவேல் சந்தானாவும் இதைப் பரப்பினார். மார்பேயாவில் ஆட்டத்தைக் கண்ட ஹூலியோ மெந்தித்தேகி 1975இல் அதை அர்ஜென்டினாவுக்குக் கொண்டுசென்றார். 1991இல் பன்னாட்டு பேடல் கூட்டமைப்பு தோன்றியது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போட்டி ஸ்பெயினில் நடந்தது.

பரவியதன் காரணம்

பேடல் பரவியதற்கு எளிய நிலக்கணக்கு ஒன்று உண்டு. பின்னால் ஓடி ஆடும் இடத்தையும் சேர்த்தால் டென்னிஸ் களத்துக்குச் சுமார் 36.5 மீட்டர் நீளமும் 18.3 மீட்டர் அகலமும் வேண்டும். பேடல் களத்தின் 200 சதுர மீட்டர் இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு பேடல் களங்களின் மொத்தப் பரப்பும் ஒரு டென்னிஸ் களத்துக்கு வேண்டிய பரப்பைவிடக் குறைவே. இருவர் ஒற்றையர் ஆட்டம் ஆடும் பரப்பைவிடக் குறைந்த பரப்பில் எட்டுப் பேர் ஆடலாம். வாடகையையும் நால்வர் பங்கிட்டுக்கொள்ளலாம். இதனால் தனியார் கிளப்புகளும் நகராட்சிகளும் பேடல் களங்களை அமைத்தன. புதிய குடியிருப்பு வளாகங்களில் நீச்சல் குளத்தை அடுத்துப் பேடல் களமும் இடம்பெற்றது. சிமென்ட் சுவர்களுக்குப் பதில் கண்ணாடிச் சுவர்கள் வந்தபின் வெளியே நின்று பார்ப்பதும் எளிதாயிற்று.

களத்தைக் கண்டறிதல்

வெளியூரிலிருந்து செல்பவர் மூன்று வகைக் களங்களைப் பிரித்தறிய வேண்டும். குடியிருப்பு வளாகக் களம் அங்கு வசிப்பவர்களுக்கு உரியது. விருந்தினராக மட்டுமே நுழைய முடியும். கிளப் களங்களில் பல, உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கும். நகராட்சி விளையாட்டு வளாகங்களில் கட்டணம் பொதுவாகக் குறைவு. ஆனால் உள்ளூர்வாசிகளுக்குச் சலுகையோ முன்னுரிமையோ இருக்கக்கூடும்.

முன்பு தொலைபேசியில் அழைத்தோ நேரில் சென்றோ ஏட்டில் பெயர் எழுதிவைக்க வேண்டும். மொழி தெரியாதவருக்கு அதுவே பெரிய தடை. 2017இல் மாட்ரிட்டில் தொடங்கிய பிளேடோமிக் போன்ற செயலிகள் இந்தத் தடையை நீக்கின. ஊர், நாள், நேரத்தைக் குறிப்பிட்டால் காலியான களங்கள் தெரியும். ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரம் என்பது பரவலான வழக்கம். மாலை ஆறு மணிக்கு மேல் களம் கிடைப்பது அரிது. பல நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். கோடைக்கால நண்பகலில் வெயில் கடுமை என்பதால் திறந்தவெளிக் களங்கள் எளிதில் கிடைக்கும். மட்டையைப் பல கிளப்புகளில் வாடகைக்கு வாங்கலாம். ஸ்பானிய மொழியில் களத்துக்கு ‘பிஸ்தா’, மட்டைக்கு ‘பாலா’ என்று பெயர்; இவ்விரண்டு சொற்களும் தெரிந்தால் வரவேற்பு மேசையில் காரியம் நடந்துவிடும்.

தனியாகச் செல்பவருக்கு மற்ற மூவரைத் தேடுவதே சிக்கல். இதற்கெனத் திறந்த ஆட்டம் என்ற முறை உள்ளது. ஒருவர் களத்தைப் பதிவு செய்து மற்ற இடங்களைக் காலியாக விடுவார். ஒத்த திறன் உடையவர்கள் தம் பங்குப் பணத்தைச் செலுத்தி இணைவார்கள். திறனை எண்ணால் குறிப்பதால் புதியவர் தேர்ந்தவர்களிடையே சிக்குவதில்லை. எண்ணை உயர்த்திப் போட்டுக்கொள்பவர் மற்ற மூவரின் மாலையையும் கெடுத்துவிடுவார்.

இன்றைய நிலை

களங்கள் பெருகியபின் புதிய சிக்கல்களும் வந்தன. பந்து மட்டையிலும் கண்ணாடியிலும் மோதும் ஓசை இரவில் உறக்கத்தைக் கெடுப்பதாக அண்டை வீட்டார் முறையிடுகிறார்கள். சில வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன. எனவே களத்தை மூடும் நேரம் ஊருக்கு ஊர் மாறுபடும். கொர்க்குவேரா எழுப்பிய சுவர் பந்தை வெளியே விடாமல் தடுத்தது. ஓசையைத் தடுக்கும் சுவரை ஸ்பெயினின் குடியிருப்புகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.