பழைய லாரிகளும் லாரித் தொழில் வாழ்வும்

தமிழ்நாட்டில் பழைய லாரிகள் என்று பொதுவாகக் குறிக்கப்படுபவை, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து 1990களின் தொடக்கம் வரை சாலைகளில் ஓடிய சரக்கு வண்டிகள். தொழிற்சாலையிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். கேபினையும் சரக்குத் தொட்டியையும் உள்ளூர்ப் பட்டறைகளில் மரத்தாலும் தகட்டாலும் கட்டுவார்கள். அசோக் லேலண்ட் காமெட், டாடா மெர்சிடிஸ் பென்ஸ், பெட்ஃபோர்டு, ஃபார்கோ ஆகியவை அக்காலத்தின் அடையாளங்கள். சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, காட்டுப்பாக்கம், பூந்தமல்லி வட்டாரம் இவ்வரலாற்றில் இரு வகையில் இடம்பெறுகிறது. லாரிக்கு வேண்டிய உதிரிபாகங்கள் அங்கே உருவாயின. பெங்களூர் வழியாக வரும் சரக்கு நகருக்குள் நுழையும் வாயிலும் அதுவே.

தொடக்கம்

தென்னிந்தியாவில் மோட்டார்ப் போக்குவரத்து பெரும்பாலும் பேருந்துத் தொழிலிலிருந்தே கிளைத்தது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனமும், நாச்சிமுத்துக் கவுண்டர் 1931இல் பொள்ளாச்சியில் தொடங்கிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டும் பயணிகளை ஏற்றிப் பழகிய பின் சரக்குக்கும் பார்சலுக்கும் விரிந்தன. போர்க்காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து அதன் வாயுவால் எஞ்சினை ஓட்டும் கலனை டி.வி.எஸ். நிறுவனம் தானே தயாரித்தது. வண்டியோடு இணைத்த உருளையில் கரியைக் கொட்டி மூட்டி, வாயு திரண்ட பிறகே வண்டியைக் கிளப்ப முடியும்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்த லாரிகள் ஏலத்தில் தனியார் கைக்கு வந்தன. பின்னர் வெளிநாட்டு வண்டிகள் இந்தியாவிலேயே உருவாகத் தொடங்கின. பெட்ஃபோர்டை வங்காளத்தின் இந்துஸ்தான் மோட்டார்ஸும், டாட்ஜ், ஃபார்கோ பெயர்களில் வந்த லாரிகளைப் பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் தயாரித்தன.

காமெட்டும் பென்ஸும்

ரகுநந்தன் சரண் 1948இல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், சென்னைக்கு வடக்கே எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள லேலண்ட் மோட்டார்ஸுடன் செய்த உடன்பாட்டின்படி 1951 முதல் காமெட் சேசிஸ் அங்கே உருவானது. லேலண்ட் பங்குதாரராகச் சேர்ந்ததும் 1955இல் நிறுவனம் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. காமெட்டின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் 350, 370, 400 என்ற எண்களால் அறியப்பட்டன. அவை கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவைக் குறிப்பவை. பாரமான வேலைகளுக்குப் பீவர், ஹிப்போ என்னும் பெரிய வகைகள் வந்தன.

டாடாவின் டெல்கோ நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் இணைந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தது. முன்புறம் நீண்ட பானெட்டும் அதில் பென்ஸின் நட்சத்திரமும் கொண்ட அவ்வண்டிகளை மக்கள் பென்ஸ் லாரி என்றே அழைத்தனர். 1969இல் கூட்டு முடிந்து டாடாவின் சின்னம் வந்த பின்னும் அப்பெயர் நெடுநாள் நீடித்தது. 1210 போன்ற எண்ணில் முதல் இரு இலக்கங்கள் சுமையோடு சேர்ந்த மொத்த எடையை டன்னிலும், அடுத்தவை குதிரைத்திறனைப் பத்தின் மடங்கிலும் தோராயமாகக் காட்டின.

மேற்குப் புறநகரின் பங்கு

எண்ணூரில் லாரி உருவாகத் தொடங்கியதும் அதன் உறுப்புகளுக்கான ஆலைகள் நகரைச் சுற்றி எழுந்தன. அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை 1959இல் வந்தது. அம்பத்தூரை அடுத்த பாடி என்னும் ஊரில் 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா சக்கரங்களையும், பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் பிரேக் அமைப்புகளையும், லூகாஸ் டி.வி.எஸ். டைனமோ, ஸ்டார்ட்டர் போன்ற மின்கருவிகளையும் உருவாக்கின. 1960களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததும், இந்நிறுவனங்களுக்குச் சிறு பாகங்களைக் கடைந்து தரும் லேத் பட்டறைகள் பெருகின. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை ராணுவ டாங்கிகளுக்கானது; எனினும் கனரக எந்திர வேலையில் தேர்ந்த தொழிலாளர் பெருங்கூட்டத்தை அதுவும் இவ்வட்டாரத்தில் வளர்த்தது.

காட்டுப்பாக்கம் பரங்கிமலை – பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் இடையில் உள்ளது. அச்சாலையும், சென்ட்ரலிலிருந்து வரும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் பூந்தமல்லியை நெருங்கிப் பெங்களூர்ச் சாலையோடு சேர்கின்றன. நகருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், மேற்கிலிருந்து வரும் லாரிகள் புறநகரில் ஒதுங்கி இரவுக்குக் காத்திருப்பது வழக்கமாயிற்று. பஞ்சர் கடை, பட்டை வில் பட்டறை, எலக்ட்ரீசியன் கடை, இரவெல்லாம் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடை ஆகியவை இக்காத்திருப்பை நம்பி வளர்ந்தவை.

லாரி பாடி கட்டும் கலை

சேசிஸை வாங்கியவர் அதன்மேல் பலகை இருக்கை ஒன்றை வைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்ட ஓட்டுநரிடம் கொடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார். தமிழ்நாட்டில் இத்தொழிலின் தலைமையிடம் நாமக்கல். தச்சர், கொல்லர், வெல்டர், தையல்காரர், பெயின்டர் ஆகியோர் சேர்ந்து ஒரு லாரியை முடிப்பார்கள். குறுக்குச் சட்டங்களுக்கும் பக்கப் பலகைகளுக்கும் உறுதியான மரத்தைத் தேர்ந்து, இரும்புப் பட்டையால் இறுக்கினர். கேபினுக்குள் மரப்பலகை வேய்ந்து, சாமி படத்துக்கு மாடமும், ஓட்டுநர் படுக்க நீளமான பலகையும் அமைத்தனர். நெற்றிப் பலகையில் குலதெய்வத்தின் பெயர், பக்கத்தில் உரிமையாளரின் பிள்ளைகள் பெயர், பின்புறம் தாமரை, மயில், பசு என்று பெயின்டரின் கைவண்ணம் தொடரும். ஒரே நிறுவனத்தின் சேசிஸ் ஆனாலும் இரண்டு லாரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கூட்டைப் பார்த்தே எந்த ஊர்ப் பட்டறை என்று சொல்லக்கூடியவர்கள் தொழிலில் இருந்தனர்.

பல மாநிலங்களில் ஓடத் தேசிய உரிமம் பெற்ற லாரிகளுக்கு மட்டும் நிறத்தை விதியே வகுத்தது. சருகின் பழுப்பு நிறமும் வெள்ளைக் கரையும் பூசி, பக்கவாட்டில் வட்டத்துக்குள் உரிமத்தின் பெயரை எழுத வேண்டியிருந்தது.

ஓட்டுநரும் கிளீனரும்

பழைய லாரியை ஓட்டுவது உடல் உழைப்பு. பவர் ஸ்டீயரிங் பரவாத காலத்தில், சரக்கோடு நிற்கும் வண்டியைத் திருப்பத் தோளின் முழு வலிமையும் வேண்டும். கியர் மாற்றக் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சின் ஓசையைக் காதால் அளந்து பல்லைச் சேர்க்க வேண்டும். எஞ்சின் கேபினுக்குள்ளேயே இருந்த வண்டிகளில் அதன் சூடு பயணம் முழுவதும் காலில் அடிக்கும்.

தொழிலின் பள்ளிக்கூடம் கிளீனர் வேலை. வண்டி கழுவுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, டயரைத் தட்டிக் காற்றுப் பார்ப்பது, மேட்டில் நின்றால் கட்டை போடுவது, தார்ப்பாய் விரித்துக் கயிறு இறுக்குவது, ஸ்டெப்னி மாற்றுவது என்று சிறுவயதில் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் வெற்று வண்டியை ஓட்டிப் பழகி ஓட்டுநராவார். சம்பளத்தோடு பயணத்துக்குப் பேட்டாவும் கிடைக்கும். சென்னையில் சரக்கு பிடிக்கும் இடங்களில் வால்டாக்ஸ் சாலையின் லாரி ஆபீஸ்களும் கொத்தவால் சாவடியும் முக்கியமானவை. காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியதும் இரவு லாரிகளின் ஓட்டம் நகரின் மேற்குப் பக்கம் திரும்பியது. திரும்பும்போது லோடு கிடைக்காவிட்டால் புரோக்கரை நம்பி நாள்கணக்கில் காத்திருக்க நேரும்.

புதிய வண்டிக்கும் நீண்ட பயணத்துக்கும் பூசை போடுவது மாறாத மரபு. சென்னை பல்லவன் சாலையிலுள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே பலர் வண்டியைச் சாலையில் இறக்குகின்றனர். ஆயுத பூசையன்று லாரி வாழை மரமும் மாலையும் ஏற்று நிற்கும்.

அவ்வாழ்வின் துன்பங்களும் வரலாற்றின் பகுதியே. தூக்கமின்மை, விபத்து, சோதனைச்சாவடி மாமூல், மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருத்தல் ஆகியவை ஓட்டுநர்களை வருத்தின. 1990களில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்கள் லாரி நிறுத்தங்களைத் தேடிச் சென்றதற்கு இத்தனிமையும் ஒரு காரணம். நினைவுகூர்வோர் ஏங்குவது இத்துன்பங்களுக்காக அன்று. கைத்திறனுக்கு இருந்த மதிப்புக்கும், நடுவழியில் நின்ற வண்டிக்கு அடுத்து வந்தவர் இறங்கி உதவிய தோழமைக்கும்.

மாற்றங்கள்

1975இல் வந்த தேசிய உரிமத் திட்டம், மாநிலந்தோறும் தனி அனுமதி வாங்கும் சுமையைக் குறைத்தது. 1994இல் அசோக் லேலண்ட் கொண்டுவந்த கார்கோ, ஆலையிலேயே முடிந்த கேபினோடு வந்தது. 2000களில் தங்க நாற்கரச் சாலையும், பின்னர் சென்னைப் புறவழிச்சாலையும் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் லாரிகளைப் புறநகர்த் தெருக்களிலிருந்து விலக்கின. 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மறைந்தன. ஃபாஸ்டேக், ஜி.பி.எஸ்., கைபேசி வழி லோடு பதிவு ஆகியவை தொழிலின் முகத்தை மாற்றின. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம். பழைய ஓட்டுநர்கள் பட்ட வெப்பத்துக்குச் சட்டம் தந்த தீர்வு இது.

பாதுகாப்பின் நிலை

பிரிட்டனில் வரலாற்று வணிக வாகனங்களின் லண்டன் – பிரைட்டன் ஓட்டம் 1962 முதல் நடந்துவருகிறது. காமெட்டின் பிறந்த ஊரான லேலண்டில் வணிக வாகனங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1983இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ரயிலுக்குப் பெரம்பூரிலும், காருக்குக் கோவையின் ஜி.டி. கார் அருங்காட்சியகத்திலும் இடம் கிடைத்துள்ளது. லாரி அவ்வாறு போற்றப்படாததற்குக் காரணம் அதன் பொருளாதாரமே. கார் வீட்டுச் சொத்தாக மூடிய கொட்டகையில் தங்க முடியும். லாரி சம்பாதிக்கும்வரை மட்டுமே வைத்துக்கொள்ளப்படும். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கான செலவு வருமானத்தை மிஞ்சியதும் அது உடைப்புக்குப் போகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறு வண்டிக்கோ கிணற்றுப் பம்புக்கோ மாறுகின்றன. 2021இல் அறிவிக்கப்பட்ட பழைய வாகன அழிப்புக் கொள்கை இதை விரைவாக்குகிறது.

ஆகவே இவ்வரலாற்றின் மூலங்கள் வண்டிகளைவிட மனிதரிடமும் காகிதத்திலுமே மிகுதியாக உள்ளன. ஓய்வுபெற்ற ஓட்டுநர், தச்சர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் வாய்மொழியும், டிரிப் ஷீட், உரிமப் புத்தகம், பட்டறைக் கணக்கு, புகைப்படம் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். 1981இல் வெளிவந்த ‘லாரி டிரைவர் ராஜாக்கண்ணு’ போன்ற திரைப்படங்கள் அக்காலத்து லாரித் தொழில் மக்கள் மனத்தில் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகின்றன. சேசிஸ் பிறந்த எண்ணூரும், சக்கரமும் பிரேக்கும் பிறந்த மேற்குப் புறநகரும், கூடு பெற்ற நாமக்கல்லும் சேர்ந்தே பழைய லாரியை உருவாக்கின. அதன் வரலாற்றைத் திரட்டுவதற்கும் இம்மூன்று இடங்களே அடிப்படை.