பிளந்த கோபுரமும் பத்துக் கோடிப் படங்களும்

செமஸ்டர் முடிந்து ஊரில் சும்மா இருக்கும்போதுதான் இந்த மாதிரி வேலையில் மாட்டுவேன். இந்தத் தடவை மாட்டியது தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த ஒரே ஒரு போட்டோவால்.

தென்காசி காசிவிசுவநாதர் கோயில் வாசல். தாத்தா, பெரியப்பா, இன்னும் சில உறவுக்காரர்கள். பின்னால் கோபுரம். ஆனால் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற ஒன்பது நிலைக் கோபுரம் இல்லை. நடுவில் பிளந்து, மேலே ஒன்றுமில்லாமல், இரண்டு மொட்டைத் தூண் மாதிரி நிற்கிறது. பின்பக்கம் பென்சிலில் 1974 என்று எழுதியிருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுத்த கோயில் இது. பல தலைமுறைகளுக்குக் கோபுரம் அப்படித்தான் பிளந்து கிடந்தது. சிவந்தி ஆதித்தனார் முன்நின்று திருப்பணி செய்து 1990ல் குடமுழுக்கு நடந்த பிறகுதான் இப்போதைய கோபுரம். என் வயதுக்காரர்கள் யாரும் பிளந்த கோபுரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

சரி, இதை எங்கே போட்டால் ஊர்ச் சொத்தாக நிலைக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் விக்கிமீடியா பொதுவகத்தின் கதை முழுவதும் படிக்க வேண்டியதாகிவிட்டது. படித்ததை உங்களிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது :)

முதலில் எங்கெல்லாம் போடக் கூடாது என்று பார்ப்போம். நம் ஊர்ப் படங்களை ஒரு காலத்தில் மக்கள் எங்கே ஏற்றினார்கள்? சீசனுக்குக் குற்றாலம் வந்துபோனவர்கள் ஆர்க்குட்டில் ஆல்பம் போட்டார்கள். அது 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. பிகாசா வெப் ஆல்பம் 2016ல் போனது. எனக்கு ரொம்ப வருத்தம் பனோராமியோ மேல்தான். 2005ல் தொடங்கி, 2007ல் கூகுள் வாங்கி, கூகுள் எர்த்தில் ஒவ்வொரு இடத்துக்கும் மேலே குட்டிக் குட்டிப் படமாகத் தெரிந்ததே, அதுதான். மெயினருவி எங்கே, ஐந்தருவி எங்கே என்று வரைபடத்தின் மேலேயே படத்தைத் தொட்டுப் பார்க்கலாம். 2016 நவம்பரில் அதற்கும் பூட்டு. ஃப்ளிக்கரில் இலவசக் கணக்கு என்றால் ஆரம்பத்தில் கடைசி 200 படம்தான் கண்ணில் படும். பிறகு தாராளமாக இடம் கொடுத்தார்கள். 2019ல் மறுபடி 1000 என்று வரம்பு போட்டார்கள். நாம் படம் தருகிறோம், கடை அவர்களுடையது. லாபம் இல்லை என்றால் ஷட்டரை இழுத்துவிடுவார்கள். பி.காம் படிக்கிறவனுக்கு இது புரியாமல் இருக்குமா!

பொதுவகம் தொடங்கியது 2004 செப்டம்பர் 7 அன்று. அந்த வருடம் மார்ச்சில் எரிக் மோலர் என்ற ஜெர்மானியர் இந்த யோசனையை எழுதி வைத்தார். காரணம் ரொம்பச் சாதாரணமானது. அதுவரை ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் படங்களைத் தனித்தனியாக வைத்திருந்தது. ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு அருவிப் படம் தமிழில் வேண்டும் என்றால் இறக்கி, மறுபடி தமிழ் விக்கியில் ஏற்ற வேண்டும். இருபது மொழி என்றால் இருபது தடவை. ஒரே கிட்டங்கியில் சரக்கை வைத்து எல்லாக் கடைக்கும் அனுப்பினால் போதுமே என்பதுதான் யோசனை. 2006 முடிவதற்குள் 10 லட்சம் கோப்பு, 2011ல் ஒரு கோடி, இப்போது 10 கோடிக்கு மேல்.

கிட்டங்கி நிரம்புவது பெரிய விஷயம் இல்லை. நிரம்பிய பிறகு தேடினால் சரக்கு கிடைக்க வேண்டும். உண்மையான வரலாறு அங்கேதான் இருக்கிறது.

ஆரம்பத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஒரு கட்சி, 'ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம் திறந்து நல்ல படங்களைக் கையால் அடுக்குவோம்' என்றது. இன்னொரு கட்சி, 'கோப்பிலேயே பகுப்பு என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுவோம், அதுவே போய்ச் சேர்ந்துகொள்ளும்' என்றது. கையால் அடுக்குவது அழகுதான். ஆனால் தினமும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினால் யார் உட்கார்ந்து அடுக்குவது? பகுப்புக் கட்சிதான் ஜெயித்தது. அதிலும் ஒரு விதி உண்டு. குற்றாலம் ஐந்தருவி என்று பகுப்பு இருந்தால் அதில் மட்டும் போட வேண்டும். கூடவே குற்றாலம், தமிழ்நாட்டு அருவிகள், இந்தியா என்று எல்லாப் பெட்டியிலும் போட்டால் மேலே இருக்கிற பெட்டி வழிந்துவிடும். லெட்ஜரில் ஒரே செலவை நான்கு தலைப்பில் எழுதினால் என்ன ஆகும், அதே கதை.

பெயர் இன்னொரு தலைவலி. ஆரம்ப வருடங்களில் ஒரு முறை ஏற்றிவிட்டால் கோப்பின் பெயரை மாற்ற முடியாது. எழுத்துப்பிழை வந்தால் புதிதாக ஏற்றிவிட்டுப் பழையதை அழிக்கச் சொல்ல வேண்டும். பிறகுதான் பெயர் மாற்றும் வசதி வந்தது. கேமரா தானாக வைக்கும் எண் பெயரோடு அப்படியே ஏற்றப் போனால் இப்போது தளமே தடுத்துவிடும்.

நம் ஊருக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. குற்றாலத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்காரன் எழுதிய 'கோர்ட்டாலம்' ஒரு வகை, நாம் சொல்கிறபடி எழுதுவது இன்னொரு வகை, ரெண்டும் கெட்டான் வகைகள் நாலைந்து. ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் படம் ஏற்றியிருப்பார். பக்கத்துப் பாபநாசம் இன்னும் மோசம். தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792ல் தெற்கே சுற்றுப்பயணம் வந்து வரைந்த படங்களில் பாபநாசம் அருவியும் ஒன்று. அச்சில் வந்தபோது அவர்கள் வைத்த பெயர் 'பப்பனாசம்'. 'டின்னவெல்லி' மாவட்டமாம். சரியான எழுத்தில் தேடுகிறவனுக்கு இது எப்படி அகப்படும்? 2019ல் கோப்புகளுக்குப் பல மொழியில் தலைப்பு எழுதும் வசதி வந்த பிறகு கொஞ்சம் நிம்மதி. தமிழில் 'குற்றாலம்' என்று ஒரு வரி சேர்த்தாலே போதும், தமிழில் தேடுகிறவருக்குக் கிடைத்துவிடும். அந்த ஒரு வரியை எழுதத்தான் ஆள் இல்லை.

மாவட்டக் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது. அதுவரை எல்லாம் திருநெல்வேலி மாவட்டம். கோயில், அருவி, குளம், ஸ்டேஷன் எல்லாவற்றையும் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு நகர்த்த வேண்டும். அரசாங்கம் அரசாணை போட்டால் முடிந்தது. பொதுவகத்தில் யாராவது ஒருவர் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டுப் பாட்டு வைத்திருக்கிறார். பிற்காலத்தில் இதைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் சாரம். கட்டியவன் ராஜா, பராமரிக்கிறவன் யாரோ. முகம் தெரியாத அந்தப் பகுப்பு மாற்றுகிறவர்களை நினைக்கும்போது எனக்கு அந்தக் கல்வெட்டு ஞாபகம் வந்தது.

தமிழர்கள் மொத்தமாக இறங்கியது 2011ல். தமிழ் விக்கிப்பீடியர்கள் நவம்பர் 15 முதல் 2012 பிப்ரவரி 29 வரை தமிழ் விக்கி ஊடகப் போட்டி நடத்தினார்கள். தமிழர் வாழ்வு சம்பந்தப்பட்ட படங்கள் வேண்டும் என்றார்கள். 15,000க்கும் அதிகமான கோப்புகள் வந்து சேர்ந்தன. அந்த வருடம்தான் உரிமம், விவரம், பகுப்பு என்று படிப்படியாகக் கேட்கும் புதிய பதிவேற்றப் படிவம் வந்திருந்தது. அதற்கு முன்னால் இருந்த படிவத்தில் புது ஆட்கள் தலைசுற்றிப் போவார்கள்.

இப்போது என் போட்டோவுக்கு வருகிறேன். பொதுவகத்தில் உரிமம்தான் வாசல்படி. ஏற்றுகிற படத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம் என்று நாம் சம்மதிக்க வேண்டும். 'வணிகத்துக்குக் கூடாது' என்று நிபந்தனை போட்டால் வாங்க மாட்டார்கள். இதைச் சம்மதிக்க நான் யார்? படத்தை எடுத்தது ஒரு ஸ்டுடியோக்காரர். ஸ்டுடியோ மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. 1958க்கு முந்தைய இந்தியப் போட்டோ என்றால் பொதுவுடைமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது 1974.

அப்போதுதான் பிசினஸ் லா பாடம் முதல் தடவையாக வாழ்க்கையில் உதவியது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. காசு கொடுத்து ஒருவர் போட்டோ எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். ஆக, தாத்தா காசு கொடுத்திருந்தால் படம் தாத்தாவுடையது. கொடுத்தாரா என்று ஆச்சியிடம் கேட்டேன். "பின்ன சும்மாவா எடுத்துக் குடுப்பான்? அஞ்சு காப்பிக்குப் பணம் எண்ணி வச்சாரு" என்றாள். சாட்சி கிடைத்தது. ஆனால் தாத்தா இல்லை. அவர் வாரிசுகள் ஆச்சி, பெரியப்பா, அப்பா, இரண்டு அத்தைகள். ஐந்து பேரும் சம்மதித்து மெயில் அனுப்பினால்தான் முறை. ஒரு போட்டோவுக்குப் பாகப்பிரிவினை மாதிரி ஆகிவிட்டது வீடு! சின்ன அத்தைக்கு ஒரு சந்தேகம்: "எவனாவது காலண்டர்ல போட்டு விப்பானாடா?" போடலாம் அத்தை, சட்டப்படி போடலாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போட்டா நமக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோபுரமும் சிலையும் பொது இடத்தில் நிரந்தரமாக இருந்தால் அவற்றைப் படம் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சினிமா போஸ்டருக்கும் சீசன் நேரத்து ஃபிளக்ஸுக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஆனால் குற்றாலத்தில் எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிவது அது இல்லை. அருவியில் குளிக்கிறவர்களின் முகம். ஈரத்துணியோடு நிற்கும் ஒரு அக்காவுக்குத் தன் படம் உலகப் பொதுச் சொத்தாகப் போகிறது என்று எப்படித் தெரியும்? உரிமம் சரியாக இருந்தாலும் நான் அதை ஏற்ற மாட்டேன். கூட்டம் இல்லாத விடியற்காலையில் போய் எடுக்கலாம், அல்லது தூரத்திலிருந்து தண்ணீரை மட்டும் எடுக்கலாம். கேமராவில் தேதி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2000 ஜனவரி 1 என்று பதிந்த ஆடிச் சாரலை ஒருவர் ஏற்றியிருந்தால் பின்னால் வருகிறவன் குழம்பிப் போவான்.

நான்கு மெயில் போய்விட்டது (ஆச்சி சார்பில் நான் தட்டச்சு செய்து, அவளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டி அனுப்பினேன்). பெரியப்பா மட்டும் பாக்கி. "மெயிலெல்லாம் எனக்கு வராதுடா, நேர்ல வந்து பாத்துக்கிடுதேன்" என்கிறார். ஆடியில் குளிக்க வருவார். அதுவரை கோப்பு என் கணினியில்தான் இருக்கிறது. பெயர் வைத்தாகிவிட்டது: தென்காசி காசிவிசுவநாதர் கோயில் பிளந்த கோபுரம், 1974. மாவட்டம் என்ற இடத்தில் தென்காசி என்றும், விவரத்தில் 'அப்போது திருநெல்வேலி மாவட்டம்' என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.