கூலி என்னுஞ் சொல்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் குடும்ப வரலாற்றை எழுதி நமது பார்வைக்கு அனுப்பியிருந்தனர். அவருடைய பாட்டனார் ஏரலினின்றும் தூத்துக்குடி சென்று, கப்பலேறிக் கொழும்பில் இறங்கி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அவ்வேட்டில் ‘கூலி’ என்று முதலில் எழுதப்பட்டிருந்த இடமெல்லாம் மையால் அடிக்கப்பட்டு, ‘உத்தியோகம்’ என்று திருத்தப்பட்டிருந்தது. ஈரெழுத்துச் சொல்லொன்று ஒரு பேரனைத் தன் பாட்டனாரின் உழைப்பை மறைக்கச் செய்யுமாயின், அச்சொல்லின் வரலாறு யாது? அதனை ஈண்டு ஆராய்வாம்.

தமிழிற் கூலி என்பது ஆளைக் குறித்த சொல்லன்று; உழைப்பிற்கு உரிய ஊதியத்தைக் குறித்த சொல்லாம். நம் தாமிரவருணிக் கரையில் நெல்லறுத்தவர்க்குக் களத்துமேட்டில் அளந்து கொடுக்கப்பட்டது கூலி. வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தையற்கூலி, பொற்கொல்லர்க்குச் செய்கூலி என்பன இன்றும் நம் வழக்கில் உள்ளன. குடியிருக்கும் வீட்டிற்குக் கொடுக்கும் வாடகையைக் குடிக்கூலி என்றனர் முன்னோர். வள்ளுவனார் ஆள்வினையுடைமை அதிகாரத்துள் 619-ஆங் குறளில், உடல் வருந்தி முயன்றதற்குக் கிடைக்கும் பயனையே இச்சொல்லாற் குறித்தனர். தானியத்தைக் குறிக்கும் ‘கூலம்’ என்பதனோடு இதனை இயைத்து, கூலமாக அளந்தது கூலியாயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர் சிலர். கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகிய இனமொழிகளிலும் இச்சொல் ஊதியப் பொருளில் வழங்குகின்றது. சிங்களத்திலோ ‘குலிய’ என்பது வாடகையைக் குறிக்கும்.

உழைப்பவனைச் சுட்டவேண்டின், தமிழர் கூலியாள் என்றும் கூலிக்காரர் என்றும் கூறினர். ஆங்கு ஆளும் உண்டு, அவனுக்குரிய கூலியும் உண்டு. இரண்டும் வேறு வேறு.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதை நம் ஊருக்கு அணித்தாகிய கொற்கையே காட்டும். கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய ‘எரித்திரையக் கடற் செலவு’ என்னும் கிரேக்க நூல், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகின்றது. பிற்காலத்து முத்துக்குளிப்பிலோ, குளிப்பவர் தாம் எடுத்த சிப்பியில் ஒரு பங்கைத் தமக்கெனப் பெற்றனர். கடல் அதுவே, மூச்சடக்கும் துன்பமும் அதுவே. தண்டனையாக மூழ்கினவனுக்கு வேலையில் உரிமையில்லை. பங்கு பெற்றவனுக்கோ உண்டு. ஆகவே ஊதியம் பெறுதல், உழைப்பவன் அடிமையல்லன் என்பதற்கு அடையாளமாயிற்று.

இனி, வடபுலஞ் செல்வோம். துருக்கி மொழியில் ‘குல்’ என்பது அடிமை அல்லது ஊழியன் எனப் பொருள்படும். 1518-இல் கோல்கொண்டாவில் ஆட்சி நிறுவிய சுல்தான் குலீ குதுப் ஷா என்பவரின் பெயரிலும், 1591-இல் ஹைதராபாத் நகரைச் சமைத்த முகம்மது குலீ குதுப் ஷா என்பவரின் பெயரிலும் உள்ள ‘குலீ’ இதுவேயாம். அரசர் அதனைப் பணிவின் அடையாளமாகத் தரித்தனர். நம் மொழியில் விடுதலையைக் காட்டும் ஒலி, பிறிதொரு மொழியில் அடிமையைக் காட்டிற்று! இவையன்றி, குஜராத்துப் பக்கத்தில் ‘கோலி’ என்பது தொன்மையான ஒரு குடியினரின் பெயராம்.

ஐரோப்பியர் ‘கூலி’ என்னுஞ் சொல்லை இம்மூன்றனுள் எதனிடமிருந்து கொண்டனர் என்பதில் அறிஞர் ஒருமித்தாரல்லர். 1886-இல் யூல், பர்னெல் ஆகிய இருவர் பெயரால் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி, கோலி என்னுங் குடிப்பெயரை முதலாக வைத்து, தென்னாட்டு வழக்கில் தமிழ்ச்சொல்லின் சார்பும் உண்டென்றது. தாய்மொழிப் பற்றினால் நாம் எல்லாம் தமிழே என்று முடிவு கட்டவேண்டுவதில்லை. போர்ச்சுகீசியரும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், பின்வந்த ஆங்கிலேயரும் மேல்கரையிலும் கீழ்கரையிலும் வாணிகஞ் செய்தவர்கள். அவர்கள் வாயில் ஊதியமும் அடிமையும் குடிப்பெயரும் ஒன்றாய்க் கலந்து, சுமப்பவனுக்கு ஒரு பெயராயின என்று கொள்வதே தகும். அக்கலப்பில் ‘ஆள்’ உதிர்ந்தது. ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராயிற்று.

அப்பெயர் கீழ்நாடுகளெங்கும் பரந்தது. டச்சுக்காரர் சுமத்திராத் தோட்டங்களுக்கு 1880-இல் ‘கூலிச் சட்டம்’ இயற்றி, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைத் தண்டித்தனர். சீனர் இவ்வொலியைத் தம் எழுத்தில் ‘குலி’ என்று இரண்டு குறிகளால் எழுதினர். முன்னது கசப்பு, பின்னது வலிமை. கசப்பான உழைப்பு என்று அவர்க்குப் பொருள்படுமாறு அமைந்தது. பட்டவன் அறிவான் என்பது பொய்யன்று.

நம்மவர் கதையும் இதனோடு பிணைந்தது. அடிமை முறையை ஆங்கிலேயர் ஒழித்த 1834-ஆம் ஆண்டிலேயே மொரீசியசுத் தீவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் செல்லத் தொடங்கினர். 1920-க்குள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அங்கு இறங்கினர். 1860 நவம்பர் 16-இல் ‘டிரூரோ’ என்னுங் கப்பல் சென்னையினின்றும் டர்பன் துறையை அடைந்தது. 1876-இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தபின், இலங்கை செல்வோர் இவ்வழியே திரண்டனர். அவர்களை நிறுத்தி வைத்துச் சோதிக்கும் முகாம் தட்டப்பாறையில் இருந்தது. 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளும் அங்குக் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். தமிழர் பெயரீற்றில் நின்ற ‘சாமி’ என்பதும் ஆங்கே இகழ்ச்சிப் பெயராயிற்று என்று அவரே எழுதியுள்ளார். மொரீசியசில் அவர்கள் இறங்கிய ‘கூலி காட்’ என்னுந் துறை பின்னர் ‘ஆப்பிரவாசி காட்’ எனப் பெயர் மாறி, 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் நாட்டிலும் 2016-இல் இரயில் நிலையச் சுமையாளரைச் ‘சகாயக்’ என்று அழைப்பதாக அறிவிக்கப்பட்டது. பெயர் மாற்றம் நன்றே. ஆயினும் பெயரை மாற்றுவது ஊதியத்தை உயர்த்துவதாகாது.

அதனை உணர்ந்தவர் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர். 1908 பிப்ரவரி 27-இல் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர், வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். அவர்கள் ‘எம்மை வேறு பெயரால் அழைமின்’ என்று கேட்டாரல்லர். கூலியை உயர்த்துக, வேலை நேரத்தைக் குறைக்க, வார விடுமுறை தருக என்றே கேட்டு வென்றனர். அவர் வாயிற் கூலி என்பது மீண்டும் உரிமையின் பெயராய் நின்றது.

சங்கத்து அன்பர்காள்! ஒன்று கூறுதும், பொறுத்தருள்க. கடல் கடந்து இழிவுபட்ட பொருளில் இச்சொல் நம் ஊருக்கே திரும்பிவிட்டது. நம்முள் கடையும் கிடங்கும் உடையவர், வாழைத்தார் ஏற்ற வரும் ஆளைப் பெயர் சொல்லி அழையாது, ‘கூலியைக் கூப்பிடு’ என்கிறோம். பாட்டனாரைக் குறித்து எழுதக் கூசிய சொல்லை, பிறர் பாட்டனாராகப் போகும் ஒருவர்மேல் நாமே வீசுகின்றோம். ஏட்டில் அடிப்பதைவிட, நாவில் திருத்துவதன்றோ முறை?

ஏட்டை அனுப்பிய அன்பர்க்கு நாம் எழுதிய விடை இதுவே: “தங்கள் பாட்டனார் கூலி அல்லர், கூலி பெற்றவர். அக்கூலியே தங்கள் குடும்பத்தின் முதல் மூலதனம். அடித்த சொல்லை மீண்டும் எழுதுக. அதன் முன்னே அவர் பெயரை எழுதுக.”