மாதம் அமர்தல்

குழந்தை பிறந்த வீட்டில் எல்லாருடைய கண்களும் தொட்டிலையே நாடுகின்றன. கட்டிலில் கிடக்கும் தாயை நோக்குவோர் சிலரே. சீனரின் பழைய வழக்கம் ஒன்று அவளையே நடுவில் வைத்தது. "சுவோ யுவேசு" என்பது அதன் பெயர். "மாதம் அமர்தல்" எனத் தமிழில் சொல்லலாம். பிள்ளை பெற்றவள் ஏறத்தாழ முப்பது நாள் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. காற்றுப் படலாகாது, குளிர்ந்த நீரைத் தொடலாகாது, தலை குளிக்கலாகாது. இஞ்சியும் நல்லெண்ணெயும் அரிசி மதுவும் சேர்த்துச் சமைத்த கோழி அவளுக்கு உணவு. தென்சீனத்தில் கான்டனீயர் பன்றிக்கால்களை இஞ்சியோடு இனிப்புக் காடியில் வேகவைத்துக் கொடுப்பர். மாமியாரோ தாயோ உடனிருந்து சமைப்பார், துணி துவைப்பார், இரவில் குழந்தையை ஏந்திக்கொள்வார். மாதம் நிறைந்ததும் சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை உற்றாருக்கு வழங்குவர்.

காற்றையும் குளிரையும் பற்றிய விலக்குகளை இக்கால மருத்துவர் ஏற்கமாட்டார். நமக்கோ அந்தப் பத்தியத்தைவிட உடனிருக்கும் கைகளே பெரிதாகத் தோன்றுகின்றன. 1978-இல் மானிடவியலார் பார்பரா பில்ஸ்பரி இவ்வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினார். 1983-இல் குவென் ஸ்டெர்ன், லாரன்ஸ் குருக்மன் ஆகிய இருவர் மேலும் ஒரு படி சென்றனர். தாய்க்கு ஓய்வும் மதிப்பும் துணையும் தரும் வழக்கங்கள் மேலைநாட்டில் அற்றுப்போனதற்கும், அங்கே பேற்றுக்குப்பின் காணும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு என்பது அவர்கள் வாதம்.

அப்படியானால் அவ்வழக்கத்தைச் சுமந்தபடி கடல் கடந்த பெண்ணுக்கு என்ன நேர்ந்தது? வழக்கம் அவளோடு வந்தது; மாமியார் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

1875-ஆம் ஆண்டின் பேஜ் சட்டம் தீய தொழிலுக்காகக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுப்பதாகச் சொல்லிற்று. நடைமுறையில் சீனப் பெண் ஒவ்வொருத்தியும் ஐயத்துக்கு ஆளானாள். 1882-இல் சீனத் தொழிலாளரையே விலக்கும் சட்டம் வந்தது. 1890-இல் அந்நாட்டுச் சீனரிடையே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 27 ஆண்கள் என்ற நிலை! விலக்குச் சட்டம் 1943-இல் நீங்கியது. ஆயினும் ஆண்டுக்கு 105 பேர் என்றே அளவு வகுத்தனர். 1946-இல் குடியுரிமை பெற்ற சீனரின் மனைவியர் இவ்வளவுக்குப் புறம்பாக வரலாம் என்றாயிற்று. சட்டம் மனைவிக்குத்தான் கதவைத் திறந்தது. மாமியாருக்கும் தாய்க்கும் திறக்கவில்லை. குடிமக்களின் பெற்றோர்க்கு அந்த வழி 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிட்டியது.

இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பிள்ளை பெற்றவர்களை எண்ணிப் பார்க்கிறோம். கணவன் சலவைக் கடையிலோ உணவகத்திலோ இரவு வரை உழைத்தான். மருத்துவமனையில் பனிக்கட்டி மிதக்கும் நீரைக் கொடுத்தார்கள். வீடு திரும்பினால் இஞ்சி நறுக்குவதும் அவளே, துணி துவைப்பதும் அவளே. விரைவில் தையற்கூடமும் அழைத்தது.

இத்தாய்மார் தம் துயரைச் சொல்லவில்லையா? சொன்னார்கள், உடலின் மொழியில். முதுமையில் வரும் தலைவலியையும் மூட்டுவலியையும் "மாத நோய்" என்று சீனர் குறிப்பதுண்டு. பேறுகால மாதத்தைச் செம்மையாகக் காக்காததே காரணம் என்பர். அவ்வலியில் எவ்வளவு எலும்பைச் சேர்ந்தது, எவ்வளவு தனிமையைச் சேர்ந்தது என்று பிரித்துக் கேட்க அன்று எவரும் இல்லை. பேறுகால மனச்சோர்வை அறிய எடின்பரோவில் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் 1987-இல்தான் வெளிவந்தது. ஹாங்காங்கில் டொமினிக் லீயும் தோழரும் அதைச் சீன மொழியில் ஆய்ந்து 1998-இல் வெளியிட்டனர்.

அதே லீ 2004-இல் வெளியிட்ட ஆய்வு நம்மைத் தயங்க வைக்கிறது. மாதம் முழுதும் துணையிருத்தல் மனச்சோர்வைச் சிறிதளவு குறைப்பதாக அவர் கண்டார். மாமியாரோடு பிணக்கோ அதனைக் கூட்டிற்று. ஆதலின் பழைய வீட்டைப் பொன்னாக்கிக் காட்டும் ஆசையை நாம் அடக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. முப்பது நாள் அடைபட்ட அறையில் ஏந்தும் கையும் குத்தும் சொல்லும் ஒரே ஆளிடமிருந்து வரக்கூடும்.

அண்மைக் காலத்தில் வேறொரு வழி பிறந்தது. நியூயார்க்கில் கடனோடு வந்திறங்கிய பூஜியன் மாநிலப் பெண்கள் பலர் கைக்குழந்தையைச் சீனத்திலுள்ள பாட்டியிடம் அனுப்பி, பள்ளிப் பருவத்தில் திரும்ப அழைத்தனர். "துணைக்கோள் குழந்தைகள்" என்று இவர்களுக்குப் பெயர். பாட்டி வர இயலாத இடத்துக்குப் பதிலாகப் பேரன் பாட்டியிடம் போனான். தாயின் கை வெறுமையாயிற்று. வசதியுள்ளோர் மாதப் பணிப்பெண்ணைக் கூலிக்கு அமர்த்துகின்றனர்.

2020 பிப்ரவரி 2-ஆம் நாள், கொள்ளைநோயை முன்னிட்டுச் சீனத்திலிருந்து வரும் அயலாருக்கு அமெரிக்கா கதவை அடைத்தது. பேறு நாளைக் கணித்துப் பயணத்துக்குக் காத்திருந்த பாட்டிமார் ஊரிலேயே நின்றனர். இஞ்சி வதக்கும் பக்குவத்தைத் தொலைபேசித் திரையில் சொல்ல முடிந்தது. இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையை அந்தத் திரை வழியே கைநீட்டி வாங்க முடியவில்லை.