சிதாரும் கீளும் கிழியும்

துணியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பழஞ்சொற்களுட் பல, வெட்டுதலும் கூறுபடுத்தலும் ஆகிய வினைகளின் அடியாகத் தோன்றியவை. அறுக்கப்பட்டது அறுவை, துணிக்கப்பட்டது துணி, கூறுபட்டது கூறை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவரின் பெயரே இதற்குச் சான்றாகும். தறியினின்று அறுத்தெடுத்த பின்னரே நெசவு ஆடையாகின்றது என்பது இச்சொற்களின் உட்கிடை. ஆயின், அவ்வாறு அறுத்த துணி உடுத்து நைந்த பின்னரும், தேவைக்கு வெட்டியது போக எஞ்சிய பின்னரும் என்னாயிற்று என்னும் வினாவை நம் பண்பாட்டு வரலாற்று நூல்கள் பெரிதும் எழுப்பவில்லை. பட்டும் கலிங்கமும் பற்றி எழுதியோர் பலர். கந்தலைப் பற்றி எழுதியோர் அரியர். எஞ்சிய துண்டுகளை நீளவாட்டில் இணைத்து விரிப்பும் போர்வையும் திரையும் ஆக்கும் தொழிலின் சுவடுகளைக் கடலூர், சிதம்பரம் ஆகிய நிலப்பகுதியை நடுவாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு தடையை நீக்குதல் வேண்டும். தமிழர் தையலறியாதவர் என்றும், ஊசித்தொழில் பிற்காலத்தே புறத்திருந்து வந்தது என்றும் ஒருசாரார் கூறுவர். உடலின் வடிவுக்கேற்ப வெட்டித் தைத்த சட்டை பண்டைத் தமிழர்க்குப் பொதுவுடை அன்று என்பது உண்மையே. முல்லைப்பாட்டில் மெய்ப்பை அணிந்து தோன்றுவோர் யவனராகிய பாசறைக் காவலர். அவர்தம் தோற்றத்தைப் புலவர் அச்சந்தரும் புதுமையாகவே காட்டுகின்றார். ஆயினும், உடலுக்கேற்பத் தைத்தல் வேறு; துண்டோடு துண்டு இணையத் தைத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே மேற்கண்ட கூற்றின் பிழை. இணைக்கும் தையலுக்குத் தமிழில் துன்னம் என்றும் பொல்லம் என்றும் பழஞ்சொற்கள் உள. பொல்லம் பொத்துதல் என்பது இரு விளிம்புகளைக் கூட்டித் தைத்தல். பொருநராற்றுப்படையில் யாழின் தோற்போர்வைக்கு இச்சொல் வருகின்றது. யாழுக்கு ஆன கைத்திறன் துணிக்கும் ஆகியிருத்தல் வேண்டும் என்பது நம் ஊகமன்று; புறநானூறே இவ்விரண்டையும் ஒப்பிடுகின்றது.

துறையூர் ஓடைகிழார் ஆய் அண்டிரனைப் பாடிய பாட்டு புறநானூற்றின் 136ஆம் பாட்டு. தம் உடையின் பல தையல்களை யாழின் பத்தர்ப்புறத்துத் தையலுக்கு அவர் உவமிக்கின்றார். அத்தையல்களின் இடைவெளியில் ஈரும் பேனும் குடும்பத்தோடு குடியிருந்தன என்றும் முறையிடுகின்றார். நகையும் அவலமும் ஒருங்கு தோன்றும் இடம் இது. தையல் நுட்பம் அறிந்தார்க்கு இதன்கண் மற்றொரு செய்தியும் புலனாகும். துண்டுகளை இணைக்குங்கால் மடிந்த விளிம்பு உட்புறத்தே தடித்து நிற்கும். அம்மடிப்பினைப் படிய அமுக்கி இரண்டாம் முறை தைத்தாலன்றி இடையே புரை உண்டாகும். புலவரின் உடையில் இரண்டாந்தையல் இல்லை. வறுமை ஒருமுறை மட்டுமே தைக்க விட்டது. பொருநராற்றுப்படையின் பொருநன் உடுத்திருந்ததும் இத்தகையதே. வேர்வையில் நனைந்து, வேற்று நூல் ஊடுருவத் துன்னப்பட்ட சிதார் அது. கரிகாலன் அதனை நீக்கி, இழை செல்லும் வழி கண்ணுக்குப் புலப்படாத மெல்லாடையை அவனுக்கு அளிக்கின்றான். இழை தெரிதல் வறுமை, இழை தெரியாமை வளமை என்னும் அளவுகோல் ஆற்றுப்படை மரபிற்கு உரியது. அவ்வளவுகோலின்படி ஒட்டுத்தையல் மறைக்கத்தக்கதோர் இழிவேயாகும்.

இவ்விழிவு நோக்கு சிலப்பதிகாரத்தில் இல்லை. இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரைக் கூறுமிடத்து, பட்டினாலும் மயிரினாலும் பருத்தி நூலினாலும் நெய்யும் காருகரை ஓரிடத்தும், துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைக்கும் துன்னரையும் பிறிதோரிடத்தும் வைக்கின்றார். துன்னரை அடுத்தே, கிழியினாலும் கிடையினாலும் பல தொழில் செய்து பெருக்குவோரைக் கூறுகின்றார். கிடை என்பது நெட்டி. கிழி என்பது துணிக்கிழி. நெட்டியும் கிழியும் ஓரினமாக எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது. இரண்டும் விலையற்ற பொருள்கள். செய்வோனின் கையால் மட்டுமே விலை பெறுபவை. தையற்காரர் வெட்டிக் கழித்தது அடுத்த மனையில் மூலப்பொருளாயிற்று என்று கொள்ளுதற்கு அடிகள் அமைத்த வைப்புமுறையே இடந்தருகின்றது. இது பாட்டின் ஓசைக்காக நேர்ந்த அடுக்கு என ஒதுக்குவாரும் உளராகலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அக்காதையில் தொழில்கள் பொருளால் இனப்படுத்தப்பட்டுள்ளமை பிறவிடங்களிலும் தெளிவு.

இனி, கீள் என்னும் சொல்லுக்கு வருவோம். கீள்தல் என்பது கிழித்தல். கிழித்தெடுத்த நீண்ட துணிப்பட்டை கீள். கோவணத்தைத் தாங்க அரையிற் கட்டுவது. கத்தரிகையின்றிப் பெறக்கூடிய துணி வடிவம் இஃது ஒன்றே. பாவும் ஊடையும் நேர்நின்று நெய்த பருத்தித் துணியின் ஓரத்தில் சிறிது கீறி இருபுறமும் பற்றி இழுத்தால், இழையொட்டியே நேர்கோட்டில் அது கிழியும். வளைவாகக் கிழியாது. ஆகவே வீட்டு மகளிர் கையில் பழஞ்சேலை முதலில் பட்டையாகின்றது. சதுரமும் முக்கோணமும் கருவி வந்த பின்னர்த் தோன்றுவன. பட்டைகளை இணைத்த போர்வை உலகின் பல நாடுகளில் எளியோரிடத்தே தனித்தனியாகத் தோன்றியமைக்கும் இதுவே காரணமாதல் கூடும். அமெரிக்க நாட்டு அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உளது. அங்கு, அடிமைகளாயிருந்தோர் வழிவந்த கறுப்பின மகளிர் உழைத்து நைந்த காற்சட்டைகளையும் மேலாடைகளையும் பட்டையாக்கித் தைத்த போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றபோது, ஓவியத் திறனாய்வாளர் வியந்து போற்றினர்.

கீளுக்குத் தமிழகத்தில் ஒரு தனிச் சிறப்பு நேர்ந்தது. தேவாரத்தில் அது இறைவனின் உடை. சேக்கிழாரின் பெரிய புராணத்தில் அடியார்க்கு அளிக்கும் கொடைப்பொருள். பழையாறை வணிகர் அமர்நீதியார் அடியார்க்குக் கந்தையும் கீளும் கோவணமும் ஈந்தார்; காம்பீலி நகரத்துச் சாலியர் நேசர் தம் கைந்நெசவால் உடையும் கீளும் கோவணமும் ஈந்தார்; காஞ்சி ஏகாலியர் திருக்குறிப்புத்தொண்டர், மழைநாளில் வந்த அடியாரின் ஒரே கந்தையை உலர்த்தித் தர இயலாமல் உயிர்விடத் துணிந்தார். துணி வணிகர், துணி நெய்வார், துணி வெளுப்பார் ஆகிய மூவரும் கந்தலையும் பட்டையையும் கொண்டே வீடுபெறுகின்றனர். சங்கப் புலவன் நாணி மறைத்த சிதார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அநபாய சோழன் அவையில் அரங்கேறிய காப்பியத்தில் தொண்டின் அடையாளமாயிற்று. வறுமை நீங்கியதனால் நிகழ்ந்த மாற்றம் அன்று இது. துணித்துண்டின் பொருளன்றி அதன் மதிப்பே மாறிற்று.

இம்மதிப்பு மாற்றத்தில் சமணரும் பௌத்தரும் பெற்ற பங்கு என்னை என்னும் வினா எழும். பௌத்தர் பற்றி உறுதியாகக் கூறலாம். விநய பிடகத்து மகாவக்கத்தின்படி, மகத நாட்டு நெல்வயல்களையும் வரப்புகளையும் கண்ட புத்தர், துறவியர் உடையை அவ்வாறே அமைக்குமாறு ஆனந்தரைப் பணித்தார். பட்டை பட்டையாக வெட்டி வரப்புப்போல் விளிம்பு மடித்துத் தைத்த சீவரம் அவ்வாறு பிறந்தது. வெட்டிய துணியைக் கள்வரும் விரும்பார் என்பது அந்நூல் தரும் மற்றொரு காரணம். இலங்கையில் இன்றும் கடின விழாவின்போது ஒரே பகலில் துணியை வெட்டித் தைத்துச் சாயமேற்றிச் சங்கத்துக்கு அளிக்கின்றனர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் சோழர் காலத்தே சிறந்திருந்தமையின், காவிரிக் கரை மக்கள் வயல்வரப்புத் தையலைக் கண்ணாற் கண்டவரே. சீவரம் உடுத்தோரைத் தேவார ஆசிரியர் இகழ்ந்தனர்; ஆயினும் வெட்டுண்ட துணியே துறவின் உடை என்னும் கருத்து இருசாரார்க்கும் பொதுவாயிருந்தது.

கோயிலில் துணித்துண்டு மற்றொரு வடிவும் பெற்றது. தஞ்சைப் பகுதிக்குச் சிறப்பாயுரிய தேர்ச்சீலைத் தொழிலையே குறிக்கின்றோம். சிவப்புத் துணியைக் களமாகக் கொண்டு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கருமை ஆகிய நிறத் துண்டுகளை யாளி, அன்னம், தாமரை முதலிய உருவங்களாக வெட்டி, விளிம்பை உள்மடித்து மேலே ஒட்டித் தைப்பது அதன் முறை. தொம்பை என்பது அதனினும் நம் பொருளுக்கு அணுக்கமானது. பல நிறப் பட்டைகளை நெடுக்காக இணைத்து உருளையாக்கி, மேல்வாயில் வளையமிட்டுத் தொங்கவிடுவர். காற்றில் அது சுழலும்போது பட்டைகளின் நிறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறையும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முன்னாள் சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் ஓடும் ஐந்து தேர்களைக் கண்டோர், மரச்சிற்பத்தையே நினைவிற் கொள்வர். தொலைவிலிருந்து தேரைத் தேராகக் காட்டுவது துணியே. அதன் விளிம்பில் வரிசையாகத் தொங்கும் சிறு முக்கோணங்களுக்குத் துண்டு எவ்வளவு சிறிதாயினும் போதும்.

கடலூர்க்குச் செல்வோம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரையில் நிலம் அவர்க்கு என்பது ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் அதன் எச்சம். அவர்கள் வந்தது துணிக்காகவே. கடலூரினின்றும் பரங்கிப்பேட்டையினின்றும் புதுச்சேரியினின்றும் வெள்ளைத் துணியும் நீலச்சாயத் துணியும் பொதி பொதியாகக் கப்பலேறின. ஆனந்தரங்கப் பிள்ளையின் குடும்ப வாழ்வும் இவ்வணிகத்தோடு பிணைந்ததே. துணி சென்ற நாடுகளிலோ, அங்குள்ள நெசவாளர் கூக்குரலிட்டனர். பிரான்சு 1686இல் வண்ணமெழுதிய பருத்தித் துணியைத் தடுத்தது. தடை நீங்கியது 1759இல். இங்கிலாந்து 1700ஆம் ஆண்டுச் சட்டத்தால் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 1721ஆம் ஆண்டுச் சட்டத்தால் உடுத்தலையே குற்றமாக்கியது; அது நீங்க 1774 வரை காத்திருத்தல் வேண்டியதாயிற்று.

தடைசெய்யப்பட்ட பொருளின் துண்டும் பொன்னாயிற்று. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள ஒட்டுத்தையல் போர்வைகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது வெஸ்ட்மர்லாந்து பகுதியிலுள்ள லெவன்ஸ் மாளிகைப் போர்வை. 1708ஆம் ஆண்டளவில் அது தைக்கப்பெற்றதென்பது அக்குடும்ப வழக்கு. அதன் துண்டுகள் இந்திய வண்ணப் பருத்தி. ஐரோப்பியப் போர்வைக்கலை நூல்கள் இதனை ஆங்கிலப் பெண்டிரின் சிக்கனத்துக்குச் சான்றாகக் காட்டும். சிக்கனம் அவருடையதே, துணி நம் நாட்டுக் கைவினைஞருடையது. கூரத்தில் வைத்து எழுதத்தக்க கலையாக அங்கே போற்றப்பட்ட அதே தொழில், அத்துணி பிறந்த நாட்டில் ஏழைமையின் அடையாளமாக எழுதப்படாமலே போயிற்று. வங்கத்துக் கந்தா, மராட்டியத்துக் கோதடி, வட கன்னடத்துச் சித்தி மகளிரின் கவந்தி ஆகியன அண்மைக் காலத்தே ஆராய்ச்சியாளர் கண்ணிற் பட்டன. சித்தி மகளிர் போர்வையை விளிம்பில் தொடங்கி நடுநோக்கித் தைத்துச் செல்வர் என்பதும், நான்கு மூலையிலும் பூ என்னும் மடிப்பு வைக்காத போர்வையை நிறைவுற்றதாகக் கொள்ளார் என்பதும் பதிவாகியுள்ளன. தமிழ்நாட்டில் பழம்பருத்திச் சேலைகளை நான்காக மடித்து நீளத்தையல் ஓட்டிக் குழந்தைக்கு விரிக்கும் வழக்கத்துக்கு அத்தகைய பதிவு போதிய அளவில் இல்லை. கரையைத் தனியே கிழித்தெடுத்துக் கயிறாகப் பயன்படுத்துவதும், நைந்ததோடு நைந்ததையே இணைப்பதும் முதியோர் கையறிவு. புதுத்துண்டை நைந்த துணியோடு இணைத்தால் சலவையில் புதியது சுருங்கிப் பழையதைக் கிழித்துவிடும்.

தையற்பொறி பரவிய பின்னர் எஞ்சும் துண்டின் இயல்பு மாறியது. முன்னர் உடுத்து நைந்தது மிகுந்தது. பின்னர் உடுக்காமலே வெட்டிக் கழித்தது மிகுந்தது. தையற்கடை வெட்டுத்துண்டும், திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்டும் இன்று எந்திரம் துடைக்கவும் கால்மிதி பின்னவும் பயன்படுகின்றன. பட்டையாக வெட்டிய பனியன் துணியை ஊடையாகக் கொண்ட கால்மிதி ஒருவகையில் கீளின் வழித்தோன்றலே.

இவ்வரலாற்றில் இறுதியாகக் குறிக்கத்தக்கது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலை. தேவனாம்பட்டினம் உள்ளிட்ட கடலூர்க் கரையூர்கள் பேரிழப்புற்றன. நாடெங்குமிருந்து பழந்துணி வண்டி வண்டியாக வந்தது. கடற்கரை மக்கள் அதனை உடுக்க மறுத்தமையால் கடலூர், நாகப்பட்டினம் பகுதிகளின் சாலையோரங்களில் அது குவிந்து மழையில் மட்கிற்று. உதவியவர் சிலர் அதனை நன்றியின்மை என்றனர். புறநானூற்றுப் புலவரைப் படித்தவர் அவ்வாறு கூறார். உழைத்துண்ட மீனவர்க்குப் பிறர் உடுத்துக் கழித்த சிதார், இழப்பின்மேல் வைத்த இகழ்ச்சியாயிற்று.

அதே காலத்தில், கடலூர்க்கு வடக்கே ஆரோவில்லைச் சார்ந்த உபாசனா என்னும் ஆடை வடிவமைப்புக் கூடம், தன் தொழிலில் எஞ்சிய வண்ணத் துண்டுகளைச் சுற்றுவட்டத்து மீனவ மகளிர் கையிற் கொடுத்து, விரலளவுப் பாவைகளைச் செய்யக் கற்பித்தது. அலையால் வீட்டையும் உறவையும் இழந்த பெண்கள் ஒருங்கமர்ந்து செய்த அப்பாவைக்குச் சுனாமிகா என்று பெயர். செய்தவர்க்குக் கூலி உண்டு. பாவைக்கு விலை இல்லை. பெறுவோர் விரும்பினால் நன்கொடை அளிக்கலாம். கிழியினால் தொழில் பெருக்குவோர் என்று இளங்கோவடிகள் குறித்த இனத்தார் புகாரில் வாழ்ந்ததும் இக்கடற்கரையின் மற்றொரு முனையில்தான்.